ஆலங்குடியிலிருந்து லடாக் வரை: உயரத்தை அறிந்து ஏறுவோம்

பயணமும் கல்வியே என்று பேசாத மேடை இல்லை. எழுதாத ஆண்டு மலரும் இல்லை. ஆயினும் நம் கல்லூரி மாணவருள் மாநில எல்லையைத் தாண்டி வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் கைவிரல்கள் மிஞ்சிவிடும். பணமில்லை, துணையில்லை, மொழி தெரியாது என்று காரணங்கள் பல. அக்காரணங்களை வைத்துக்கொண்டே ஒரு பயணம் செல்ல முடியும் என்பதையும், அப்பயணத்திற்குப் பணத்தைக் காட்டிலும் அறிவு எவ்வளவு தேவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென் அமெரிக்காவில் பொலிவியா என்றொரு நாடு உண்டு. ஆண்டிஸ் மலைத்தொடரின் இரு கிளைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,600 முதல் 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு பெரும் பீடபூமி பரந்து கிடக்கிறது. அரசு நடக்கும் நகரமாகிய லா பாஸ் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தலைமாட்டில் உள்ள எல் ஆல்டோ நகரம் 4,000 மீட்டரையும் தாண்டியது. 1545 முதல் ஸ்பானியர்க்கு வெள்ளி வாரி வழங்கிய பொட்டோசி, பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயூனி உப்புப் பாலை, பெரு நாட்டோடு பகிர்ந்துகொண்ட டிட்டிகாக்கா ஏரி ஆகியவை யாவும் அவ்வுயர்நிலப் பகுதியில் உள்ளவை. மேலைநாட்டு மாணவர்கள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, உள்ளூர்ப் பேருந்துகளில் ஏறி இறங்கி, அந்நாட்டைத் தரைவழியாகவே கடந்து செல்வது பல்லாண்டுகளாக உள்ள வழக்கம். அதைப் படித்த நாள்தொட்டு எனக்கும் அவ்வாசை பற்றிக்கொண்டது. ஆனால் ஆலங்குடி மாணவனின் பைக்கும் பொலிவியாவுக்கும் எட்டாத் தூரம்!

அப்போதுதான் நம் நாட்டுப் படத்தின் உச்சியைப் பார்த்தேன். அங்கே லடாக் இருந்தது. இமயத்திற்கும் காரகோரத்திற்கும் நடுவே, 3,500 மீட்டர் உயரத்தில் தலைநகர், அதற்கு மேல் ஆடு மேய்ப்போர் திரியும் சாங்தாங் பீடபூமி, உப்பு ஏரிகள், மரமற்ற மலைகள். பொலிவியாவின் உடன்பிறப்பைப் போன்ற நிலம் நம் வீட்டு மாடியிலேயே இருக்க, நான் அயலகத்தை எண்ணி ஏங்கிக்கொண்டிருந்தேன்.

நமக்கு முன்னே நடந்தவர்

இத்தகைய பயணம் நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. நமக்கு அண்டையிலுள்ள செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911 இல் பிறந்த ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய படச் சுருள்களைத் திரட்டுவதற்காகக் கண்டங்கள் பல சுற்றினார். அவர் உருவாக்கிய ஆவணப்படம் 1940 இல் வெளிவந்தது. பின்னர் ‘குமரி மலர்’ என்னும் இதழை நடத்தித் தமிழில் பயண இலக்கியத்தை வளர்த்தார். ஒரு காரியத்தைக் கருதிப் புறப்படுவது, வழியில் கண்டதைக் குறித்து வைப்பது, குறித்ததைப் பிறர்க்குச் சொல்வது என்னும் மூன்றும் அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடங்கள். அம்மூன்றாவது பாடத்தின்படியே இதை எழுதுகிறேன்.

புறப்பாடு

2024 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் நானும் என் அத்தை மகனும் புறப்பட்டோம். அவர் மின்பணி செய்பவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் மச்சான் என்றும் அவர் மாப்பிள்ளை என்றும் அழைத்துக்கொள்வோம். இருவரும் ஓராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. ஆளுக்கு இருபத்தையாயிரம் ரூபாய்க்குள் சென்று திரும்புவது என்பது எங்கள் கணக்கு.

எங்கள் ஊரில் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து இப்போது பூச்சாகுபடி செய்யும் சித்தப்பா ஒருவர் உண்டு. லடாக்கில் இரண்டு முறை பணிபுரிந்தவர். அவரிடம் கேட்கச் சென்றோம். என்ன பார்க்கலாம் என்று அவர் சொல்லவே இல்லை.

“லே போய் எறங்குனதும் ரெண்டு நாளு கட்டிலை விட்டு எந்திரிக்காதீங்கப்பா. நல்லா ஓடியாடுற பயலுகதான் மொத நாளே விழுவானுக. தலை வலிச்சா மறைக்காம வாயைத் தொறந்து சொல்லணும். அம்புட்டுத்தான்” என்றார்.

இவ்வளவு எளிய சொற்களில் ஒரு மருத்துவ நூலின் சாரமே அடங்கியிருந்தது என்பதைப் பின்னர்ப் படித்தபோது அறிந்தேன்.

ஏன் தரைவழி?

டெல்லியிலிருந்து லே நகருக்கு விமானத்தில் சென்றால் ஒன்றரை மணி நேரத்திற்குள் இறங்கிவிடலாம். நாங்களோ சென்னையிலிருந்து புகைவண்டியில் மூன்று இரவுகள் கழித்து ஜம்முவை அடைந்தோம். அங்கிருந்து வாடகை வண்டியில் ஸ்ரீநகர், பின் கார்கில், பின் லே என்று பிரித்துச் சென்றோம். (2025 ஜூன் 6 அன்று செனாப் பாலத்தின் வழியே காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிற்கு இருப்புப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. இனிச் செல்வோர்க்கு ஸ்ரீநகர் வரை புகைவண்டியே உண்டு.) பணம் குறைவு என்பது தரைவழியைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் உயரம்.

ஜம்முவின் உயரம் ஏறத்தாழ 300 மீட்டர். ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600. கார்கில் ஏறத்தாழ 2,700. லே ஏறத்தாழ 3,500. இவ்வெண்களை வரிசையாகப் பாருங்கள். ஒரு வீட்டின் படிக்கட்டைப் போல் அவை அமைந்துள்ளன. ஒவ்வொரு படியிலும் ஓரிரவு, ஈரிரவு தங்கினால் உடல் அவ்வுயரத்திற்குப் பழகிக்கொண்டே வருகிறது. விமானத்தில் செல்பவர் படிகளை விட்டுத் தாவி மாடியில் குதிக்கிறார். அவ்வாறு சென்றாலும் குற்றமில்லை. ஆனால் சென்றபின் மாடியிலேயே இரண்டு மூன்று நாள் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும்.

ஸ்ரீநகரிலிருந்து லடாக்கிற்குள் நுழையும் வாயில் ஜோஜி லா. ‘லா’ என்றால் அம்மக்கள் மொழியில் கணவாய். லடாக் என்னும் பெயருக்கே கணவாய்களின் நாடு என்று பொருள் கூறுவர். 3,528 மீட்டர் உயரமுள்ள இக்கணவாயில் 1948 நவம்பரில் இந்தியப் படை டாங்கிகளை ஏற்றிச் சென்று போரிட்டு வழியைத் திறந்தது. நாங்கள் சென்றபோது மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கணவாய்க்கு இந்தப் பக்கம் தேவதாரும் புல்வெளியும். அந்தப் பக்கம் ஒரு மரமில்லை. இமயம் பருவமழை மேகங்களைத் தடுத்து நிறுத்திவிடுவதால் லே நகரம் ஆண்டு முழுவதும் பெறும் மழை 100 மில்லிமீட்டர் அளவே. நம் ஊரில் ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் அவ்வளவும் வந்துவிடும்!

காற்று எங்கே போயிற்று?

மலை மேல் ஆக்சிஜன் விழுக்காடு குறைவு என்று பலர் எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. கட்டுமாவடிக் கடற்கரையிலும் சரி, லே நகரிலும் சரி, காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடே. குறைவது காற்றின் அழுத்தம்.

வைக்கோற் போரை நினைத்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள வைக்கோல் மேலுள்ள பாரத்தால் அழுந்திக் கெட்டியாக இருக்கும். உச்சியிலுள்ளதோ பொலபொலவென்று இருக்கும். அடியிலிருந்து ஒரு கை அள்ளுவதற்கும் மேலிருந்து ஒரு கை அள்ளுவதற்கும் எவ்வளவு வேறுபாடு! வளிமண்டலமும் அத்தகையதே. லே நகரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 65 விழுக்காடுதான். 5,300 மீட்டர்க் கணவாய்களில் அது ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் நாம் அள்ளும் ஆக்சிஜனும் அவ்வாறே குறைகிறது.

அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும் என்று பள்ளியில் படித்தோம். லே நகரில் நீர் 88 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். எனவே திறந்த பானையில் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் நருக்கென்று நிற்கும். நாங்கள் தங்கிய வீட்டம்மையார் அழுத்தக் குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைப்பதில்லை. படித்த பாடம் ஒரு சோற்றுப் பருக்கையில் கண்முன் நின்றது.

உடல் என்ன செய்கிறது?

இந்நோயை முதலில் விளங்க எழுதியவர்களுள் ஒருவர் ஹோசே தெ அகோஸ்தா என்னும் ஸ்பானியப் பாதிரியார். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது தாம் பட்ட குமட்டலையும் வாந்தியையும் 1590 இல் வெளிவந்த தம் நூலில் விவரித்து, அங்குள்ள காற்றின் மென்மையே காரணமாகலாம் என்று கருதினார். காற்றழுத்தத்தை அளக்கும் கருவி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முந்திய கருத்து அது.

இவ்வியலில் நம் நாட்டின் பங்கும் பெரிது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து படைவீரர்கள் விரைந்து மலையேற்றப்பட்டனர். அக்காலத்தில் மலைநோய்க்கு ஆளான 1,925 படைவீரர்களை ஆராய்ந்து இந்தர் சிங் முதலிய இந்திய மருத்துவர்கள் 1969 இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் மருத்துவர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது. நாம் பெற்ற அறிவுக்கு நம் வீரர்களின் துன்பம் விலையாயிற்று.

ஆக்சிஜன் குறைந்தவுடன் உடல் தானாகவே மூச்சை ஆழமாகவும் விரைவாகவும் இழுக்கத் தொடங்குகிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, சிறுநீர் மிகுகிறது. நாட்கள் செல்லச் செல்ல இரத்தச் சிவப்பணுக்களும் பெருகுகின்றன. இப்பழக்கத்திற்கு நேரம் தராமல் ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அயர்ச்சி ஆகியவை தோன்றும். இது மலைநோயின் முதற்படி. இந்நிலையில் மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

அதையும் மீறி ஏறினால் வருவன இரண்டு. ஒன்று, நுரையீரலில் நீர் கோத்தல்: ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், உதடும் நகமும் நீலம் பூக்கும். மற்றொன்று மூளை வீங்குதல்: நடை தள்ளாடும்; பேச்சு குழறும்; அறிவு மயங்கும். இவ்விரண்டும் உயிர்க்கொல்லிகள். ஆக்சிஜனும் மருந்தும் உதவும். ஆயினும் தலையாய மருத்துவம் உடனே கீழே இறங்குவதே.

உடல் வலிமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்பதை மாணவ நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நம் கல்லூரிக் கபடி அணித் தலைவர்க்கும் வரலாம். நோஞ்சான் ஒருவர் தப்பிக்கலாம். உடல் வலிமை உள்ளவர் விரைந்து ஏறிவிடுவதால் அவர்க்கே ஆபத்து மிகுதி என்றுங்கூடச் சொல்லலாம். சித்தப்பா சொன்னதும் இதுதானே!

லே நகரில்

லே நகரில் இரண்டு நாள் நாங்கள் எதுவுமே பார்க்கவில்லை. மாடிப்படி பத்து ஏறினால் மூச்சு வாங்கியது. வெந்நீரும் துக்பா என்னும் மாவிழைக் கஞ்சியும் குடித்துவிட்டுச் சாளரத்தின் வழியே பனிமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் கடைத்தெருவுக்கு நடந்தோம். எதிர்ப்பட்டவரெல்லாம் “ஜூலே” என்று முகமன் கூறினர். வணக்கத்திற்கும் நன்றிக்கும் விடைபெறுதற்கும் அச்சொல் ஒன்றே போதும். மொழி தெரியாதே என்ற கவலை பாதி அங்கே தீர்ந்தது.

யார்கந்து, காஷ்மீர், திபெத்து ஆகிய மூன்று திசை வணிகரும் ஒருகாலத்தில் கூடிய கடைத்தெரு அது. எல்லைகள் மூடப்பட்டபின் அவ்வாணிகம் அற்றது. 1974 இல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு லடாக் திறந்துவிடப்பட்டபின் பயணிகளே புதிய வாணிகமாயினர். 2019 அக்டோபர் 31 முதல் லடாக் தனி ஒன்றியப் பகுதியாக உள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 2,74,289 பேர். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அதே கணக்கெடுப்பில் பதினாறு லட்சத்திற்கும் மேல்! அம்மக்கள் தொகையை நம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறு முறை அடக்கலாம். ஆயினும் அவர்தம் நிலப்பரப்போ நம் மாவட்டத்தைவிடப் பன்மடங்கு.

ஐந்தாம் நாள் பகிர்வு வண்டியில் கர்துங் லா சென்றோம். அங்கிருந்த பழைய பலகை 18,380 அடி என்றும், உலகிலேயே உயர்ந்த வண்டிப்பாதை என்றும் நெடுங்காலம் அறிவித்து வந்தது. செயற்கைக்கோள் கருவிகொண்டு அளந்தபோது அதன் உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடியே என்று தெரிந்தது. பலகையில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையல்ல என்பதற்கு இதனினும் உயரமான சான்று கிடைக்காது! லடாக்கின் மற்றொரு மூலையிலுள்ள உம்லிங் லா சாலைக்கு 2021 இல் 19,024 அடி என்று கின்னஸ் சான்று கிடைத்தது. அதற்குமுன் அப்பெருமையைப் பெற்றிருந்தது எது தெரியுமா? பொலிவியாவின் உத்துருங்கு எரிமலைச் சாலை, 18,953 அடி. நான் ஏங்கிய நாடும் நான் சென்ற நாடும் இப்படி ஒரு பட்டியலில் அடுத்தடுத்து நின்றன.

உயரம் ஒத்திருந்தாலும் குளிர் ஒத்திராது. பொலிவியா நிலநடுக்கோட்டிற்கு அண்மையில், வெப்ப மண்டலத்தில் இருக்கிறது. லே 34 பாகை வடக்கே உள்ளது. ஆகவே லா பாஸ் நகரின் குளிர்கால இரவு நீர் உறையும் எல்லையைத் தொட்டு நிற்க, லே நகரிலோ சுழியத்திற்குக் கீழே இருபது பாகை வரை இறங்குவதுண்டு. அந்நாட்டார் இரவுக் குளிரில் உருளைக்கிழங்கை உறையவைத்தும் பகல் வெயிலில் உலர்த்தியும் ‘சுன்யோ’ என்னும் பெயரில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பர். லடாக்கியர் வறுத்த பார்லி மாவையும் உலர்ந்த பாதாமிப் பழத்தையும் சேமிப்பர். அங்கே லாமாவும் அல்பாக்காவும். இங்கே யாக் எருமையும் பஷ்மினா ஆடும். மண் ஒன்றானால் மனிதரின் சூழ்ச்சித் திறனும் ஒன்றாகிறது.

சர்ச்சுவில் கண்டது

திரும்பும் வழி மணாலிச் சாலை. லே நகரிலிருந்து விடியற்காலை புறப்படும் அரசுப் பேருந்து 5,300 மீட்டரைத் தாண்டிய தங்லங் லாவையும், 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் லாவையும் கடந்து, பிற்பகலில் சர்ச்சு என்னும் கூடார ஊரை அடைகிறது. உயரம் ஏறத்தாழ 4,290 மீட்டர். இங்கே தேநீர்க்காக இறங்கினோம். ஒரு கூடாரத்தின் உள்ளிருந்து தமிழ்க் குரல் கேட்டது.

மோட்டார் சைக்கிளில் வந்த நான்கு இளைஞர்கள், சேலத்துப் பக்கத்தவர். முதல்நாள் காலை மணாலியில் புறப்பட்டு ஒரே நாளில் இங்கு வந்துவிட்டனர். மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,050 மீட்டர். 2020 அக்டோபர் 3 இல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை பயண நேரத்தைச் சுருக்கிவிட்டதால் ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிவிட முடிகிறது. நால்வருள் ஒருவர் இரவெல்லாம் வாந்தியெடுத்துக் காலையிலிருந்து படுத்தபடியே இருந்தார். படுத்திருந்தபோதே மூச்சு வாங்கியது. உதட்டில் நீலம் தெரிந்தது.

“ஒரு மாத்திரை போட்டிருக்கோம் அண்ணே. நாளைக்கு லே போயிட்டா பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, காட்டிக்கலாம்” என்றார் நண்பர்களுள் ஒருவர். வண்டி வாடகை கட்டியாயிற்று, விடுப்பு முடியப்போகிறது என்ற கவலை அவர் குரலில் இருந்தது.

சர்ச்சு ஒரு பொறியைப் போன்றது. லே நகரை நோக்கிச் சென்றால் 5,000 மீட்டருக்கு மேற்பட்ட இரு கணவாய்களைத் தாண்ட வேண்டும்; தாழ்வான ஊரை அடைய நாள் முழுவதும் ஆகும். தெற்கே சென்றாலும் 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லா குறுக்கே நிற்கிறது. ஆனால் அக்கணவாய் ஒன்றுதான்; அதைத் தாண்டினால் 3,080 மீட்டரிலுள்ள கேலாங் வரை இறக்கமே. அங்கே மருத்துவமனையும் உண்டு. இரண்டும் ஏற்றந்தான்; எந்த ஏற்றத்திற்குப் பின்னால் இறக்கம் விரைவில் வருகிறது என்பதே கேள்வி.

மச்சான் தரையில் மண்ணைக் கோடிழுத்து இதை அவர்களுக்கு விளக்கினார். “தம்பி, மேல போயி ஆஸ்பத்திரியைத் தேடாதீங்க. கீழ போறதுதான் ஆஸ்பத்திரி” என்றார். அருகிலிருந்த படை முகாமின் மருத்துவ உதவியாளரை அழைத்து வந்தோம். அவர் நாடி பார்த்து, ஆக்சிஜன் கொடுத்து, இப்போதே இறக்குங்கள் என்று ஒரே சொல்லில் முடித்தார். பேருந்து நடத்துநர் முன்னிருக்கைகள் இரண்டை ஒழித்துத் தந்தார். சிறிய ஆக்சிஜன் உருளை ஒன்றுடன் அவ்விளைஞரையும் நண்பர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டோம். மற்ற இருவர் வண்டிகளோடு மறுநாள் வருவதென முடிவாயிற்று.

பாரலாச்சா லா ஏறிய அந்த நேரத்தைப் போல் நீண்ட நேரத்தை நான் அறிந்ததில்லை. பேருந்தில் ஒருவரும் பேசவில்லை. ஒரு லடாக்கிப் பாட்டி மணிமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். கணவாய் கடந்து வளைவு வளைவாய் இறங்க இறங்க, இளைஞரின் மூச்சு சிறிது சிறிதாகச் சீரானது. இரவு கேலாங் மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலில் நீர் கோத்திருப்பதாகவும், இன்னும் ஓரிரவு மேலே இருந்திருந்தால் கடினம் என்றும் மருத்துவர் கூறினார். விடியற்காலையில் பேருந்து புறப்படுமுன் சென்று பார்த்தோம். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். “வீட்ல சொல்லிடாதீங்கண்ணே” என்றார். அதைக் கேட்டபோது சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர்?

நமக்கு மூச்சு முட்டும் இடத்தில் அவர்கள் பாடிக்கொண்டு ஏர் உழுகின்றனரே, எப்படி? ஆண்டிஸ் மக்களின் இரத்தத்தில் ஆக்சிஜனை ஏந்தும் ஹீமோகுளோபின் மிகுந்திருக்கும். திபெத்தியப் பீடபூமி மக்களுக்கோ அவ்வளவு மிகுவதில்லை. உயர்நிலத்திலும் இரத்தம் கெட்டியாகாதபடி காக்கும் மரபணு மாற்றம் ஒன்று அவர்களிடம் பரவியிருப்பதை 2010 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஒரே இடருக்கு இயற்கை இரு மலைகளில் இரு விடைகளைக் கண்டிருக்கிறது.

உடல் தந்த விடை அது. அறிவு தந்த விடையும் ஒன்றுண்டு. மழையில்லா லடாக்கில் வேளாண்மை பனியாறு உருகும் நீரை நம்பியது. விதைக்கும் இளவேனிலில் நீர் வேண்டும். ஆனால் உயரத்துப் பனி கோடையில்தான் உருகும். செவாங் நார்பெல் என்னும் பொறியாளர் 1987 முதல், குளிர்காலத்தில் வீணே ஓடும் நீரை ஊருக்கு அருகிலேயே தடுத்து உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகளை அமைத்தார். 2015 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்வழியில் சோனம் வாங்சுக் 2013–14 குளிர்காலத்தில் நீரைக் குழாயில் மேலே பீச்சிக் கூம்பாக உறையவைக்கும் பனித் தூபியைச் செய்து காட்டினார். கூம்பு வடிவில் வெயில் படும் பரப்பு குறைவாதலால் அது மெல்ல உருகும்.

நீர் வரும்போது தேக்கி, வேண்டும்போது விடுதல் என்பது கண்மாய் கட்டிய நம் முன்னோர் அறிந்த கலையே. நம் ஆலங்குடி வட்டாரத்தில் பல நூறு அடி ஆழத்திற்கு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் நிலை வந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துச் சென்றபின், நம் பகுதி இளைஞர்கள் பலர் குளங்களைத் தூர்வாரக் கிளம்பினர். லடாக்கின் பனிக்கூம்பும் நம் ஊர்க் குளக்கரையும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றியது. அங்கும் மிகைமழை அழித்ததுண்டு. 2010 ஆகஸ்டு 5, 6 இடைப்பட்ட இரவில் பெய்த பேய்மழையில் லே பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

செல்ல விரும்புவோர்க்கு

நண்பர்களே, சுருங்கச் சொன்னால் இவையே வேண்டுவன.

சூன் முதல் செப்டம்பர் வரை செல்க. ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குக. மணாலி வழியாகவே ஏற நேர்ந்தால் கேலாங் போன்ற தாழ்ந்த ஊரில் இரண்டு இரவுகளாவது தங்கி ஏறுக. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதிருப்பது நன்று. பகலில் உயர்ந்த கணவாய்க்குச் சென்று இரவில் இறங்கி உறங்கலாம். இதய, நுரையீரல் நோயுள்ளோரும் இரத்தசோகையுள்ளோரும் மருத்துவரைக் கேளாமல் செல்லற்க. அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை பழக்கத்தை விரைவுபடுத்த உதவும். அதையும் மருத்துவர் சொற்படியே உண்க. மதுவும் தூக்க மாத்திரையும் ஆகா. உயர உயர வெயிலின் புறஊதாக் கதிர் மிகுமாதலால் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் தேவை. எல்லைப்புற ஏரிகளுக்குச் செல்ல அனுமதி பற்றிய விதிகளை லே நகரில் அவ்வப்போது கேட்டறிக. பை பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டா. அதில் கம்பளிச் சட்டைக்கு இடம் விட்டுப் புளிச்சோற்றுப் பொட்டலத்தை வைக்க.

யாவற்றினும் மேலாக, தலை வலிக்கிறது என்று சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். உடன் வந்தவர் சொன்னால் ஏளனம் செய்யாதீர்கள். மலையில் உயிரைக் காப்பது வீரம் அன்று, உண்மை பேசுதலே.

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் ஒரு சுற்றுலா நடைபெறுகிறது. விரிவுரையாளர்கள் மனம் வைத்தால், மாணவர் மாணவியர் குழு ஒன்று முறையான மருத்துவச் சோதனையுடன் ஒருமுறை இமயத்திற்கு அப்பால் சென்று வரலாகாதா? புவியியல், வரலாறு, இயற்பியல், விலங்கியல் ஆகிய நான்கு துறைக்கும் அங்கே பாடம் இருக்கிறது. பொலிவியா ஆசை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. வேலை கிடைத்தபின் அதையும் பார்க்கலாம். உயர்ந்த நாடு எதுவாயினும், அதன் உயரத்தை முதலில் அறிந்து, பின்னர் ஏறுவோம். ஏறியபின் நலமே இறங்கி வந்து, கண்டதைப் பிறர்க்கும் சொல்வோம்.